ஒடியும் ஆப்பிள், வளையும் ஆப்பிள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பம்ப் கம்பெனிக்காரன் வருசா வருசம் குடுக்கற டைரி. ஏழு மாசமா வெறுமனே கெடந்தது. இன்னிக்கு முதல் இதுல மிஷின் விசயம் மட்டும் எழுதப்போறேன். வேற ஒண்ணும் எழுத மாட்டேன்.

பட்டறையில கெடந்த பழைய வேக்குவம் பம்பை வீட்டு கார் ஷெட்டுக்குக் கொண்டாந்தாச்சு. ஐஸ்கிரீம் கடைக்காரர் கழிச்சுப் போட்ட ஃப்ரீசர்ல இருந்து கம்ப்ரசரைக் கழட்டியாச்சு. நல்ல கெட்டியான ஸ்டீல் டிரம் ஒண்ணு, அதுக்கு முன்னால கண்ணாடிக் கதவு. பழத்தைக் கல்லு மாதிரி உறைய வெச்சு, டிரம்முக்குள்ள இருக்கற காத்தை மொத்தமா உறிஞ்சிட்டு, தட்டுக்கு அடியில லேசாச் சூடு குடுக்கணும். உள்ள இருக்கற ஐஸ் தண்ணியாகாமலே ஆவியாப் போயிரும். பழம் உருவம் மாறாம மொறுமொறுன்னு நிக்கும், எடையே இருக்காது. ஃப்ரீஸ் டிரையர்னு பேரு. வெளிநாட்டுக்காரன் வீட்டுலயே வெச்சுப் பண்றான்னு வீடியோவுல காட்டறாங்க. கோயமுத்தூர்க்காரன் அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?

சரோஜினி இடுப்புல கை வெச்சுட்டு வந்து நின்னா.

"ஏனுங்க, இது இந்துவுக்குத்தானுங்களே?"

"யாருக்கும் இல்ல. மிஷின் ஓடுதான்னு பாக்கறேன்."

"நான் கேக்கவே இல்லைங்க சாமி"ன்னு சிரிச்சுட்டே போயிட்டா. முப்பது வருசம் குடும்பம் நடத்தினா இப்படித்தான், பொய் சொல்றதுக்குக்கூட எடமில்ல.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மிஷின் விசயம் மட்டும்னு எழுதினேன். ஆனா இதைச் சொல்லாம மிஷினைப் பத்தி எழுத முடியாது.

இந்துஜா என் மக. ஒரே மக. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். அடுத்த மாசம் லடாக் பக்கம் ஏழாயிரம் மீட்டர் மலை ஏறப்போறாளாம். போன வருசம் இதைவிடச் சின்ன மலைக்குப் போனா. மேல போகப் போகப் பசியே எடுக்கலையாம். தின்னதெல்லாம் வாந்தி. கடைசில மயக்கம் போட்டு விழுந்து, கூடப் போனவங்க தூக்கிட்டு வந்தாங்க. ஊர் வந்து சேந்தப்ப அவ மூஞ்சியை நான் பாத்தேன். அதுக்கு மேல எழுத முடியல.

மறுபடி போறேன்னு வந்து நின்னப்ப வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், கேக்கலை. அதனால சரின்னும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். சொந்தக்காரங்க, ஒறம்பரைங்க வேற, "வயசு இருவத்தெட்டாச்சு, மலை ஏறிட்டிருந்தா மாப்பிள்ளை எங்க கெடைப்பான்"னு வெறும் வாயை மெல்லறாங்க. அவங்க கவலை வேற, என் கவலை வேற.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

உழவர் சந்தைக்குப் பக்கத்துல பழக்கடையில சிம்லா ஆப்பிள் ஒரு பெட்டி. சீசன் இப்பத்தான் ஆரம்பம், நல்ல கெட்டிப் பழம். சரோஜினி தோலோட நறுக்கி, கறுக்காம இருக்க எலுமிச்சம்பழத் தண்ணில முக்கிக் குடுத்தா.

பழம் சரியா உறையறதுக்கு முன்னாலயே நான் பம்பைப் போட்டுட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. எல்லாம் உள்ள பொங்கி, நுரைச்சு, தட்டோட ஒட்டிப் பிசின் மாதிரி ஆயிருச்சு. பம்ப் ஆயில்ல தண்ணி கலந்து மோர் கணக்கா வெளுத்துப்போச்சு. ஆயிலை மாத்தினேன். தட்டைச் சுரண்டிச் சுரண்டி நகம் போனதுதான் மிச்சம்.

இந்து வந்து பிசினை விரல்ல எடுத்து நக்கினா. "நல்லாத்தானுங்ப்பா இருக்கு. ஆனா இதைத் தின்னா மேல வாயைத் தொறக்க முடியாது"ன்னா.

"மேல போறதைப் பத்தி யாரு பேசினா? தட்டைக் கழுவு."

ஆகஸ்ட் 15, வியாழன்

பட்டறை லீவு. ரெண்டாவது தடவை. மெல்லிசா நறுக்கி, ஒரு நாள் முழுக்க உறைய விட்டு, அப்பறம் பம்ப். இன்னும் ஓடிட்டிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து "இது என்ன சத்தங்க, மாவு மில்லு வெச்சுட்டீங்களா?"ன்னு கேட்டார். ஆமாங்கன்னுட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஆயிருச்சு!

கதவைத் தொறந்தா ஒவ்வொரு துண்டும் நறுக்கி வெச்ச மாதிரியே இருக்கு. அதே வெள்ளை, ஓரத்துல அதே செகப்பு. எடுத்தா கையில இருக்கறதே தெரியல. கடிச்சா பொரி மாதிரி நொறுங்குது. அப்பறம் நாக்குல கரைஞ்சு, முழு ஆப்பிளோட இனிப்பும் புளிப்பும் ஒரே நேரத்துல எறங்குது. ஒரு கூடை ஆப்பிளை ஒரு பையில போட்டுத் தூக்கிட்டுப் போயிரலாம். நான் சத்தமாச் சிரிச்சுட்டேன் போல, சரோஜினி அடுப்பை விட்டுட்டு ஓடி வந்தா.

"ஏனுங்க, என்னாச்சு?"

"வாயைத் தொற"ன்னு ஒரு துண்டைப் போட்டேன். கண்ணை மூடிட்டு நின்னா. "இது எறங்குமுங்க. எந்த வயித்துலயும் எறங்கும்"னா.

அப்பத்தான் எனக்கும் தைரியமே வந்துச்சு. மிஷினைப் பத்தின தைரியம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பொழுதோட இந்து முதுகுல மணல் மூட்டையைக் கட்டிட்டு மாடிப்படி ஏறி ஏறி எறங்கினா. அது தெனமும் நடக்கறதுதான். இன்னிக்கு வாந்தி வர்ற வரைக்கும் ஏறி, அந்த நெலமையிலயே எது தொண்டைல எறங்குதுன்னு பாக்கறேன்னா. இதென்ன பைத்தியக்காரத்தனம்னு கத்தினேன். கத்திட்டுத் தட்டு எடுத்துட்டு மாடிக்கு நானேதான் போனேன்.

பிஸ்கட், ஒரு கடி, துப்பிட்டா. பேரீச்சம்பழம், பாத்ததுமே மூஞ்சியத் திருப்பிட்டா. ஆப்பிள் துண்டு எறங்குச்சு. இன்னொண்ணு கேட்டா. ஆனா வாயில இருக்கற ஈரத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிருது, கூடவே சுடுதண்ணி குடிக்கணும்னா. நியாயம்தான். தண்ணியை எடுத்துட்ட பண்டம் தண்ணிக்கு ஏங்கத்தான் செய்யும்.

சரோஜினி தன் பங்குக்குக் கெளம்பிட்டா. கொஞ்சத்தை மிக்சில அடிச்சுப் பொடியாக்கி, சுக்கும் கருப்பட்டியும் சேத்து ஒரு டப்பா. சுடுதண்ணில கலக்கினா காப்பி மாதிரி குடிக்கலாம். இன்னொரு டப்பால ராகி மாவோட ஆப்பிள் பொடி, கஞ்சிக்கு. எனக்கு மதியம் தயிர்சோத்து மேல தூவிக் குடுத்தா, நல்லாத்தான் இருந்துச்சு. ரசத்துலயும் போட்டா, அதைப் பத்தி ஒண்ணும் எழுத விரும்பல.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பை பையாக் காத்துப் போகாம ஒட்டி வெச்சாச்சு. இந்து ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதறா. எழுதிட்டே தலை நிமிராமக் கேட்டா:

"அப்பா, நீங்க இன்னும் சரின்னே சொல்லலீங்களே."

"அந்தப் பையில ஓரம் சரியா ஒட்டலை பாரு. எடு, மறுபடி ஒட்டறேன்."

அவ எடுத்துக் குடுத்தா. ஓரம் சரியாத்தான் ஒட்டியிருந்துச்சு.

செப்டம்பர் 4, புதன்

கடைசித் தடவை. மெல்லிசு பையிலயே நொறுங்கித் தூளாகுது, கடிச்சுத் திங்கக் கொஞ்சம் பெருசா வேணும்னு இந்து கேட்டா. சரின்னு கனமா நறுக்கச் சொல்லிட்டேன். கனமா இருந்தா ஈரம் போக நேரம் புடிக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஓடினாத்தான் சரியா இருக்கும். அவளுக்கு விமானம் அன்னிக்குச் சாயங்காலம்தான். கணக்கு சரியா வருது.

செப்டம்பர் 6, வெள்ளி

போயிட்டா.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அது முடிஞ்சு பன்னெண்டுக்கு மேல கெளம்பினாப் போதும், நேரம் நெறையக் கெடக்குன்னு சரோஜினியே சொன்னா. தெனம் காலண்டரைப் பாக்கறவ அவ, கிண்டல் பண்றவன் நான். பட்டறைல புது லேத்தை எமகண்டத்துல ஓட்டினவன். ஆனா இன்னிக்கு நாந்தான், பத்தரைக்கு முன்னாலயே வாசலைத் தாண்டிரணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அவினாசி ரோட்டுல பாலம் வேலை நடக்குது, எங்க நெரிசல் இருக்கும்னு தெரியாதில்ல. அதுக்காகத்தான்.

மிஷினை அதுக்கு முன்னாலயே நிறுத்தித் தட்டை வெளிய எடுத்தேன். ஓரத்துல ஒண்ணை ஒடிச்சுப் பாத்தேன், டப்புன்னு ஒடிஞ்சுது. போதும்னு பையில போட்டு ஒட்டிட்டேன். ஒரு கண்ணாடி பாட்டில் நெறைய வீட்டுக்கு.

விமான நிலையத்துல சரோஜினி அவளைக் கட்டிப் புடிச்சு அழுதா. இந்து என் முன்னால வந்து நின்னா. என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா. "ஷூ லேஸ் அவுந்திருக்கு பாரு கண்ணு"ன்னேன். குனிஞ்சு கட்டிட்டு, "சரிங்ப்பா"ன்னுட்டு உள்ள போயிட்டா.

வீட்டுக்கு வந்ததும் பம்ப் ஆயில் மாத்தினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

லடாக்ல லே ஊர்ல இருந்து போன். ஒடம்புக்கு ஒண்ணுமில்லையாம். நாளைக்குக் கெளம்பினா மலையடிவாரத்து முகாம். அதுக்கு மேல அவகிட்ட போன் இல்ல. முகாமைப் பாத்துக்கற நோர்புங்கறவர்கிட்ட சாட்டிலைட் போன் இருக்கு, அவசரம்னா அவருக்குப் பேசணும். மேல இருக்கறவங்களுக்கு அவர் வயர்லெஸ்ல சொல்லுவார்.

அவங்கம்மாகிட்டப் பேசினா. போனை எங்கிட்டக் குடுக்கறப்ப லைன் போயிருச்சு.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஒண்ணுமில்ல.

செப்டம்பர் 21, சனி

எழுதவே புடிக்கலை. இருந்தாலும் எழுதிடறேன்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குப் பாயசம் வெக்க, சரோஜினி கண்ணாடி பாட்டில்ல இருந்த கனத்த துண்டை எடுத்து மிக்சில போட்டா. பொடியாகலை. பிளேடுல சுத்திகிட்டு மிக்சி மொனகுது. "ஏனுங்க, இது ஏன் இப்படி?"ன்னு கூப்பிட்டா. நான் ஒரு துண்டை எடுத்து ஒடிச்சேன். ஒடியலை. தோலு மாதிரி வளைஞ்சுது. மோந்து பாத்தா லேசாப் புளிச்ச வாடை.

நடுவுல ஈரம் நின்னிருக்கு. ஓரத்துல ஒண்ணை ஒடிச்சுப் பாத்தவன் நடுத்தட்டுல, தடியான துண்டை ஒடிச்சுப் பாக்கலை. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தா சரியாயிருக்கும். ராகு காலம்! முப்பது வருசம் வேக்குவம் பம்ப் வெச்சுப் பொழப்பு நடத்தறவன், ராகு காலத்துக்குப் பயந்து மிஷினை நிறுத்தியிருக்கேன். இதை வெளிய சொன்னா எவனாவது நம்புவானா?

அந்தத் துண்டுங்கதான் பெருசு பெருசா இருக்குன்னு ஆசையா மேல எடுத்துட்டுப் போயிருக்கா. அந்த ஒசரத்துல வயித்தால போச்சுன்னா, வாந்தி எடுத்தான்னா, போன வருசம் மாதிரி தூக்கிட்டு வர்ற எடமில்ல இது.

நோர்புவுக்குப் போன் போட்டேன். ராஜ்கோட்டுக்கு வார்ப்பு வாங்கப் போய்ப் போய்க் கத்துகிட்ட இந்தி எனக்கு. பழம் கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்குள்ள வேர்த்து ஊத்திருச்சு. அந்த மனுசன் பொறுமையாக் கேட்டார். இந்து இப்ப முதல் முகாம்ல இருக்கா, காலையில அடுத்த முகாமுக்குக் கெளம்பறாங்க, நல்லாத்தான் இருக்கான்னார். அப்பறம் சொன்னார், "சாப்பாட்டு விசயம், வெளையாட்டு இல்ல. வீட்டுல வேண்டாம்னு சொன்னா நாங்க யாரையும் மேல அனுப்பறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே கீழ எறக்கிடறேன்."

ஒரு வார்த்தை. நான் ரெண்டு மாசமாக் காத்திட்டிருந்ததே அதுக்குத்தான். காரணமும் கையிலயே இருக்கு. பழம் கெட்டுப்போச்சு, பெத்தவன் பயந்துட்டான், எறங்கி வா. அவளாலயும் கோவிச்சுக்க முடியாது. சரோஜினி மாவுக் கையோட எதிர்ல நிக்கறா. இந்தி தெரியாட்டியும் அவளுக்குப் புரிஞ்சுது. வேண்டாம்னும் சொல்லலை, சொல்லுங்கன்னும் சொல்லலை. என் மூஞ்சியவே பாக்கறா, மக பாத்த மாதிரியே.

நோர்பு ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னார்.

"எழுதிக்குங்க"ன்னேன். "ஒவ்வொரு துண்டையும் ஒடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. டப்புன்னு ஒடிஞ்சா திங்கலாம். வளைஞ்சா அப்படியே வாயில போடக்கூடாது. புளிச்ச வாடை வந்தா தூக்கி எறிஞ்சிரணும். வாடை இல்லாட்டி ஓட்ஸோட நல்லாக் கொதிக்க வெச்சு இன்னிக்கே அந்த முகாம்ல தீத்துரணும். மேல எடுத்துட்டுப் போக வேண்டாம். மேலைக்கு மெல்லிசு பை மட்டும். தூளாயிருந்தாலும் பரவால்ல, சுடுதண்ணில கலக்கிக் குடிக்கச் சொல்லுங்க. பசிக்கலைன்னாலும் குடிக்கணும்."

அவர் திருப்பி வாசிச்சார். சரியா இருந்துச்சு. அப்பறம், "அப்போ மேல போகலாமா?"ன்னு கேட்டார்.

"ஜானே தோ"ன்னேன். போகட்டும்னு அர்த்தம். தமிழ்ல இத்தனை நாள் வராத வார்த்தை இந்தில வந்துருச்சு. "அப்பா சொன்னார்னு சொல்லுங்க. மறக்காமச் சொல்லுங்க"ன்னேன்.

போனை வெச்சதும் சரோஜினி பக்கத்துல வந்து உக்காந்தா. அப்பறம் எந்திரிச்சுப் போய் முந்திரிப் பாயசம் வெச்சா.

செப்டம்பர் 22, ஞாயிறு

நோர்பு கூப்பிட்டார். காலையிலயே கெளம்பிட்டாளாம். விசயத்தைச் சொன்னீங்களான்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான்னார். ஆப்பிள் விசயத்தையான்னு கேட்டேன். இல்ல, மத்த விசயத்தைன்னார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மேல பனிக்காத்தாம். எல்லாரும் கூடாரத்துக்குள்ள இருக்காங்களாம். போகச் சொன்னது நான். இனிமே யாரைத் திட்டறது?

செப்டம்பர் 25, புதன்

தொடர்பு இல்ல.

பட்டறைக்குப் போனேன். ஒரே கேஸ்கெட்டை ரெண்டு தடவை மாத்தினேன்.

செப்டம்பர் 26, வியாழன்

தொடர்பு இல்ல. சரோஜினி மருதமலைக்குப் போயிட்டு வந்தா. நானும் கூடப் போனேன். படியில ஏறித்தான் போனேன், பஸ்ல போகலை. பாதிப் படியிலயே மூச்சு வாங்குச்சு. இந்தப் படிக்கே இப்படின்னா.

செப்டம்பர் 27, வெள்ளி

வயர்லெஸ்ல பேட்டரி உறைஞ்சிருக்கும், பயப்படாதீங்கன்னு நோர்பு சொல்றார். அவர் கொரல்லயே பயம் இருக்கு.

நாலு வாய்ச் சோறு எறங்கலை. சரோஜினி திட்டினா. "மேல இருக்கறவளுக்குப் பசிக்கலைன்னாலும் குடிக்கணும்னு சொன்னீங்க இல்ல?"ன்னு கேட்டு, ராகிக் கஞ்சியில ஆப்பிள் பொடியைக் கலக்கி முன்னால வெச்சா. வாயை மூடிட்டுக் குடிச்சேன்.

செப்டம்பர் 28, சனி

ரெண்டாவது சனிக்கிழமை. பாயசம் வெக்கலை.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில பல்லு வெளக்கிட்டிருந்தேன். சரோஜினி போனை எடுத்துட்டு ஓடி வர்றா. தெரியாத நம்பர். வாயில நுரையோட வாங்கினேன். கரகரன்னு சத்தம். அப்பறம், "அப்பா"ங்கறா.

"சாமி!"

"அடிவாரத்துக்கு வந்துட்டேனுங்ப்பா. நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கோம்."

"சாப்டியா?"

"சாப்டேனுங்ப்பா. பொடியைத்தான் குடிச்சேன். கூட இருந்தவங்களுக்கும் கலக்கிக் குடுத்தேன். எறங்குச்சு. எல்லாம் எறங்குச்சு."

"வாந்தி?"

"இல்லீங்."

"வெரலெல்லாம் இருக்கா? பத்தும்?"

"இருக்குங்ப்பா"ன்னு சிரிக்கறா. சிரிக்கறாளா அழுகறாளான்னு சரியாத் தெரியலை, என் காதும் அப்படி இருந்துச்சு. "இப்ப என்ன சாப்பிடறே? சூடா ஏதாவது சாப்பிடு. மொதல்ல கஞ்சி குடி, ஒரேடியா சோத்தைத் திங்காதே"ன்னு சொல்லிட்டே இருந்தேன். "சரிங்ப்பா, சரிங்ப்பா"ன்னா. லைன் போயிருச்சு.

போனைக் கையில வெச்சுட்டே நின்னேன். நுரை சட்டையெல்லாம் வழிஞ்சிருக்கு. சரோஜினி கண்ணைத் தொடைச்சுட்டு, "ஏனுங்க, உச்சிக்குப் போனாளாமா?"ன்னா.

நான் அதைக் கேக்கவே இல்ல.